என்ன ஆகப் போகிறாய் என்று கேட்பதற்கு முன்

"இந்த ஆண்டு தொழில் வழிகாட்டலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அல்லது தன்னார்வ அமைப்பு ஒன்றில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அல்லது உங்கள் வீட்டிலேயே ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் பிள்ளை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. உளவியல் பட்டம் வேண்டாம். எல்லாத் தொழிலும் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. தெரிந்தவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தால் போதும்.

தொழில் வழிகாட்டலை ஒரு முறையாக வகுத்தவர்களில் முன்னோடி என்று ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தவர். அவர் வகுத்தது மூன்று படிகள்: தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பது. நூறு ஆண்டுகள் தாண்டியும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் முதல் படிக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கிறார்கள், மூன்றாம் படிக்கு ஓர் அறிவுரை சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் இரண்டாம் படி காணாமல் போய்விடுகிறது. என் கணிப்பில், பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றித் தெரியாததைவிட வேலைகளைப் பற்றித் தெரியாததுதான் அதிகம். அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்த நடுப்படியைப் பற்றியவை.

முதல் படி: ஏற்கெனவே அடித்துவிட்ட பட்டியலைக் கேளுங்கள்

"பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். கேட்டால் விடை வரும். ஆனால் அது நீங்கள் கேட்க விரும்புகிறீர்கள் என்று பிள்ளை நினைக்கும் விடையாக இருக்கும். 2018-ல் பல நாடுகளில் நடந்த பீசா (PISA) என்ற மாணவர் ஆய்வு 15 வயதுப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டது. 41 நாடுகளின் விடைகளைப் பார்த்தபோது பையன்களில் 47 சதவீதத்தினரும் பெண்பிள்ளைகளில் 53 சதவீதத்தினரும் வெறும் 10 வேலைகளில் ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவல்துறை என்று நமக்கும் மனப்பாடமான பெயர்கள்தான். இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள்: சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2008-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் 436 தொழில் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள்.

மிச்சமெல்லாம் எங்கே போயின? லிண்டா காட்ஃபிரட்சன் என்ற ஆய்வாளர் 1981-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஆறு முதல் எட்டு வயதுக்குள் குழந்தைகள் "இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை" என்று தமக்குப் பொருந்தாதவற்றை அடித்துவிடுகிறார்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை மதிப்பு பார்த்து அடிக்கிறார்கள்: நம் வீட்டுக்கு இது தகாது, அது நமக்கு எட்டாது என்று. பதினான்கு வயதில் நம்மிடம் வந்து உட்காரும்போது மிஞ்சியிருக்கும் சிறு பட்டியலுக்குள்தான் "எனக்கு எது பிடிக்கும்" என்ற தேடலே தொடங்குகிறது. எதை எப்போது அடித்தோம் என்பது அவர்களுக்கே நினைவில்லை.

அதனால் முதல் சந்திப்புக்கு ஒரு எளிய வேலை. சுமார் நாற்பது தொழில்களின் பெயர்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பிரபலமானவை கொஞ்சம், கேள்விப்படாதவை நிறைய. நிலஅளவையாளர், ஒலிப்பதிவாளர், செவித்திறன் பரிசோதகர், கடல்வழி அதிகாரி, தரக்கட்டுப்பாட்டாளர், சைகைமொழி பெயர்ப்பாளர், வெல்டர், புள்ளியியலாளர். மூன்று குறிகள் போடச் சொல்லுங்கள்: ஆம், இல்லை, தெரியாது. பிறகு "ஆம்" பக்கம் போகவே வேண்டாம். "இல்லை" என்று குறித்தவற்றில் ஐந்தை எடுத்து, "இது ஏன் வேண்டாம்?" என்று மட்டும் கேளுங்கள். "ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்" என்பது ஒரு காரணம். "அதெல்லாம் பையன்கள் போகிற இடம்" என்பது வேறு வகைக் காரணம். "அதற்கு ரொம்பப் படிக்கணும், நான் அந்த அளவுக்கு இல்லை" என்பது மூன்றாவது வகை. இரண்டாவதும் மூன்றாவதும் வந்த இடங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றே வாதிட்டுத் திருத்தப் பார்க்காதீர்கள். பின்னால் யாரோடு பேச வைப்பது என்று முடிவு செய்ய அந்தக் குறிப்புதான் உதவும்.

இரண்டாம் படி: ஒரு பொருளுக்குப் பின்னால் இருப்பவர்கள்

பாடத்தையும் தொழிலையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்துப் பார்ப்பது மாணவர்களின் பழக்கம். உயிரியல் பிடித்தால் மருத்துவர், கணக்கு வந்தால் பொறியாளர், பேச்சுத் திறமை இருந்தால் வழக்கறிஞர். இந்த ஒட்டைப் பிரிக்க நான் பயன்படுத்துவது ஒரு மாத்திரை அட்டை. அதை மேசையில் வைத்து, இது நோயாளியின் கைக்கு வருவதற்குள் யார் யார் வேலை செய்திருப்பார்கள் என்று கேட்பேன்.

முதல் இரண்டு நிமிடங்களில் டாக்டர், மருந்துக்கடைக்காரர், விஞ்ஞானி என்று மூன்று பெயர் வரும். அப்புறம் ஓர் அமைதி. அங்கே கொஞ்சம் தூண்டிவிட வேண்டும். மருந்து வேலை செய்கிறது என்று எப்படி நிரூபித்தார்கள்? மனிதர்களிடம் சோதனை நடத்த ஒருங்கிணைப்பாளர் வேண்டும், முடிவுகளைக் கணக்கிடப் புள்ளியியலாளர் வேண்டும், சோதனை முறையானதா என்று பார்க்க நெறிமுறைக் குழு வேண்டும். வேறு யாரும் நகலெடுக்காமல் இருக்கக் காப்புரிமை வழக்கறிஞர். தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பராமரிப்பவர், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பவர். அட்டையை வடிவமைத்தவர். உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதியவர், அதைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோனவர். குளிர்ச்சி குறையாமல் கொண்டுசெல்ல வேண்டிய மருந்தென்றால் அதற்கான போக்குவரத்தைத் திட்டமிட்டவர். அரை மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். கட்டுரை எழுதுவதில் ஆர்வமுள்ள மாணவி மருந்துத் துறையில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று பார்ப்பது இந்தப் பயிற்சியில்தான்.

மாத்திரைதான் வேண்டும் என்றில்லை. ஒரு பாலம், ஒரு கைபேசிச் செயலி, ஒரு விளையாட்டுப் போட்டியின் நேரடி ஒளிபரப்பு, எதையும் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: நீங்களே முந்தின நாள் உட்கார்ந்து இருபது பேரையாவது கண்டுபிடித்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் அந்த அமைதி வரும்போது நீங்களும் அமைதியாகிவிடுவீர்கள்.

வேலைகளின் விவரம் தேட இணையத்தில் அரசுகள் நடத்தும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் ஓ-நெட் (O*NET) தளத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு அன்றாடப் பணிகள், தேவையான திறன்கள், பயன்படுத்தும் கருவிகள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ (ESCO) தளத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் சிறு விவரிப்பும் தேவையான திறன்களும் கிடைக்கும். பணிகளின் விவரத்தை எந்த நாட்டுக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தையும் தகுதித் தேவையையும் மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அவை நாட்டுக்கு நாடு மாறும்.

மூன்றாம் படி: ஆர்வச் சோதனை, அளவோடு

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதற்குக் கொடுக்கப்படும் இடம் ஏற்கெனவே அதிகம்.

ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்தவர் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1959-ல் தொடங்கிய வேலை. கையாலும் கருவியாலும் செய்வது, ஆராய்வது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது. இன்று புழக்கத்தில் இருக்கும் பல வினாத்தாள்கள் இந்த ஆறின் மேல்தான் நிற்கின்றன. ஓ-நெட் தளத்தில் 60 கேள்விகள் கொண்ட ஒன்று இலவசமாகவே இருக்கிறது. அதைச் செய்ய வைப்பதில் தவறில்லை. ஆனால் அது அளப்பது ஆர்வத்தை; திறமையை இல்லை. கேள்விப்படாத ஒன்றில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. அதனால்தான் சோதனையை இரண்டாம் படிக்குப் பின் வைத்திருக்கிறேன். வந்த விடையை முடிவாக எடுக்காமல் பேச்சைத் தொடங்கும் சாக்காகப் பயன்படுத்துங்கள்: "உதவுவதும் ஒழுங்குபடுத்துவதும் உனக்கு மேலே வந்திருக்கிறது. உன் ஒரு வாரத்தில் இது எங்கே தெரிகிறது, சொல்லு பார்க்கலாம்."

"அப்படியே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டது" என்று பிள்ளை வியந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே விவரிப்பைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பொதுவாகச் சொன்ன எதுவும் நமக்கென்றே சொன்னதுபோல்தான் தோன்றும். விரல்ரேகையைப் பதிந்து மூளைத்திறனையும் பொருத்தமான படிப்பையும் சொல்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான்காம் படி: வேலை செய்கிற ஒருவரோடு இருபது நிமிடம்

வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். இங்கிலாந்தில் பள்ளித் தொழில் வழிகாட்டலுக்கு 2014-ல் எட்டு அளவுகோல்கள் வகுத்தார்கள். அதில் ஒன்று, 11 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்கள் வேலை உலகத்து மனிதர்களைப் பொருளுள்ள வகையில் சந்திக்க வேண்டும் என்பது. "பொருளுள்ள" என்பதைக் கவனியுங்கள். அரங்கத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து, ஒரு பிரமுகர் தன் வெற்றிக் கதையைச் சொல்லிவிட்டுப் போவது விழா. மாணவர் கேட்க, மற்றவர் விடை சொல்ல, இருவரும் ஒரு மேசையில் உட்காருவதுதான் சந்திப்பு.

ஆட்களை எங்கே பிடிப்பது? பிள்ளைகளின் பெற்றோர், அவர்களின் சித்தப்பா, அத்தை, பள்ளியின் பழைய மாணவர்கள், உங்கள் சக ஆசிரியர்களின் உடன்பிறந்தவர்கள். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றிலிருந்து ஏழு ஆண்டு ஆனவர்தான் ஏற்றவர். எப்படி உள்ளே வந்தோம் என்பது அவருக்கு மறந்திருக்காது; பேசவும் நேரம் இருக்கும். முதல் படியில் குறித்து வைத்தீர்களே, அதை இப்போது எடுங்கள். "பையன்கள் போகிற இடம்" என்று சொன்ன மாணவியை அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெண்ணோடு பேச வையுங்கள். உங்கள் நூறு வாதம் செய்யாததை அவர் சும்மா எதிரே உட்கார்ந்திருப்பதே செய்துவிடும்.

அழைப்பை மாணவரே எழுதட்டும். நீங்கள் திருத்திக் கொடுங்கள். நான்கு வரி போதும்:

"வணக்கம் அக்கா. நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஆசிரியர் மூலம் நீங்கள் நிலஅளவைத் துறையில் இருப்பது தெரிந்தது. உங்கள் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இருபது நிமிடம் பேச முடியுமா? வேலையோ சிபாரிசோ கேட்க வரவில்லை; கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்."

கடைசி வரி முக்கியம். அது இருந்தால்தான் எதிரில் இருப்பவர் தயங்காமல் சம்மதிப்பார்.

கேள்விகள் விஷயத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டும். விட்டுவிட்டால் "உங்கள் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பார்கள். "ரொம்பப் பிடிக்கும்" என்று விடை வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நடந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்பதுதான் வழி. நான் பழக்கும் சில கேள்விகள்:

- நேற்று வேலைக்கு வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு நேரம் ஆனது?
- ஒரு வாரத்தில் எவ்வளவு நேரம் ஆட்களோடு, எவ்வளவு நேரம் திரையின் முன்னால், எவ்வளவு நேரம் வெளியில்?
- இந்த வேலையில் சலிப்பான பகுதி எது?
- உங்களோடு சேர்ந்து படித்தவர்களோ வேலைக்கு வந்தவர்களோ விட்டுப் போயிருக்கிறார்களா? ஏன் போனார்கள்?
- என் வயதில் நீங்கள் இந்த வேலையைப் பற்றித் தவறாக நினைத்திருந்தது என்ன?
- கடந்த மூன்று ஆண்டில் உங்கள் வேலையில் எந்தப் பகுதியை மென்பொருளோ இயந்திரமோ எடுத்துக்கொண்டது? அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்?
- இதைத் தெரிந்துகொள்ள நான் அடுத்து யாரிடம் பேசலாம்?

நான்காவது கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. முதுகுவலி, இரவுப் பணி, மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பது, வாடிக்கையாளர் திட்டுவது என்று எந்தத் தளத்திலும் எழுதாத காரணங்கள் அங்கேதான் வெளியே வரும். ஆறாவது கேள்வியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை விழுங்கும் என்று ஆளாளுக்குக் கணிப்பு சொல்கிறார்கள். களத்தில் இருப்பவர் தன் மேசையில் மாறியதைச் சொல்வது அந்தக் கணிப்புகளைவிட நம்பத்தக்கது.

சம்பளத்தை நேரடியாகக் கேட்பது சங்கடம். "புதிதாகச் சேருபவர் பொதுவாக எவ்வளவில் தொடங்குவார்?" என்று கேட்டால் யாருக்கும் உறுத்தாது.

பாதுகாப்பு விஷயத்தில் சலுகை கிடையாது. பிள்ளைகள் 18 வயது நிறையாதவர்கள். சந்திப்பு பள்ளியிலோ வேலையிடத்திலோ பொது இடத்திலோ நடக்க வேண்டும், பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். காணொளி அழைப்பென்றால் நீங்களும் இணைப்பில் இருங்கள். மாணவரின் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எதற்காவது எதிர்த்தரப்பு முகம் சுளித்தால் அந்தச் சந்திப்பு வேண்டாம்.

முடிந்த அன்றே மாணவர் மூன்று வரி எழுதட்டும்: எதிர்பார்க்காதது எது, ஈர்த்தது எது, விலக்கியது எது. அதோடு நன்றிச் செய்தியும் அனுப்பட்டும். நாள் தள்ளினால் இரண்டுமே நடக்காது.

ஐந்தாம் படி: சின்ன அளவில் செய்து பார்ப்பது

ஒரு வேலையின் பலனைப் பிடிப்பதும் அந்த வேலையைச் செய்யப் பிடிப்பதும் வேறு வேறு. கட்டடங்களை ரசிக்கிறவருக்கு அளவெடுத்துக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் பொறுமை இருக்கிறதா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பயிற்சிக் கூடமோ இன்டர்ன்ஷிப்போ கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டடக் கலையென்றால், வகுப்பறையை அளந்து 1:50 அளவில் வரையச் சொல்லுங்கள். 6 மீட்டர் சுவர் தாளில் 12 சென்டிமீட்டராக வர வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதழியலென்றால், பள்ளி நிகழ்ச்சிக்குப் போய்விட்டு அன்று மாலைக்குள் 200 சொற்களில் செய்தி. சொன்ன நேரத்துக்குப் பிறகு வந்தால் படிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நெருக்கடிதான் சோதனையே. கணக்கியலென்றால், வகுப்புச் சுற்றுலாவின் வரவு செலவைக் கடைசிக் காசு வரை சரிக்கட்டட்டும். நிரலாக்கமென்றால், புதிதாக எழுதச் சொல்லாமல் வேறொருவர் எழுதிய, ஓடாமல் நிற்கும் சிறு நிரலைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நிரலாளரின் நாளில் கணிசமான பங்கு அதுதான். செவிலியர் பணியென்றால் முதலுதவிப் பயிற்சி. மொழிபெயர்ப்பென்றால் ஐந்து நிமிடக் காணொளிக்கு வசனவரி.

இரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நன்றாகச் செய்தாயா?" என்று கேட்காதீர்கள், முதல்முறை யார் செய்தாலும் சுமாராகத்தான் வரும். "நடுவில் நேரம் போனது தெரிந்ததா? எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது? இன்னொரு தரம் செய்யச் சொன்னால் செய்வாயா?" என்று கேளுங்கள். "இது எனக்கு வேண்டாம்" என்று ஒரு மாணவர் இந்தப் படியில் தெரிந்துகொண்டால் அதை முழு வெற்றியாகக் கணக்கில் வையுங்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் அதே விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு விலை அதிகம்.

வேலையிடத்தில் ஒரு முழு நாள் கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காத துறைகளும் இருக்கின்றன. நோயாளிகளின் அந்தரங்கம், தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று நியாயமான காரணங்கள் உண்டு.

ஆறாம் படி: வேலையிலிருந்து பின்னோக்கி நடந்து வருவது

இப்போது மாணவரிடம் இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எடுத்து, மேலே வேலையின் பெயரை எழுதி, அங்கிருந்து கீழ்நோக்கி இன்றைக்கு வாருங்கள். அந்த வேலைக்கு உரிமம் வேண்டுமா? உரிமத்துக்கு எந்தப் பட்டம் அல்லது பயிற்சி? அதில் சேர எந்தப் பாடங்கள், எந்தத் தேர்வு? அந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? கடைசி வரி இந்த ஆண்டில் செய்ய வேண்டிய ஒரு செயலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விவரத்தையும் சம்பந்தப்பட்ட கல்வி நிறுவனம் அல்லது உரிமம் தரும் அமைப்பின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். யாரோ எடுத்த காணொளியிலோ பயிற்சி மையத்தின் விளம்பரத்திலோ பார்த்ததைத் தாளில் எழுதாதீர்கள்.

திரும்பி வர முடியாத கதவுகள் எவை என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பல முடிவுகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை மாற்றுவது கடினம். உயர்நிலைப் பள்ளியில் கணிதத்தைக் கைவிட்டால் பொறியியல், பொருளியல், கணினி அறிவியல், புள்ளியியல் என்று ஒரு வரிசையே தள்ளிப் போகும். அதே சமயம் கணிதத்தோடு படித்தவர் பிற்பாடு சட்டத்துக்கோ வடிவமைப்புக்கோ போவது எளிது. இன்னும் முடிவாகாத மாணவரென்றால் அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும் பாடங்களை எடுக்கச் சொல்லுங்கள். தேர்வில் தாங்கவே முடியாத அளவுக்குத் திணறுகிறவருக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

உடல் தகுதி கேட்கும் வேலைகளை முன்பே சரிபாருங்கள். விமான ஓட்டிகளுக்குச் சர்வதேச விதிப்படி வணிக உரிமம் பெற 18 வயதும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். பார்வையும் நிறம் பிரித்தறிவதும் அதில் சோதிக்கப்படும். பெரும் பணம் கட்டிப் பயிற்சியில் சேர்வதற்கு முன் அந்த மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடற்பணிக்கும் ராணுவத்துக்கும் இதே கதைதான்.

சம்பள விவரம் பார்க்கும்போது சராசரியை நம்பாதீர்கள். ஒரு தொழிலில் பத்துப் பேர். ஒன்பது பேர் ஆளுக்கு 20 சம்பாதிக்கிறார்கள், ஒருவர் 820 சம்பாதிக்கிறார். சராசரி 100. ஆனால் அந்த 100-ஐச் சம்பாதிக்கும் ஒருவர்கூட அங்கே இல்லை. விளையாட்டு, திரைத்துறை, இணையக் காணொளி என்று மாணவர்களை அதிகம் இழுக்கும் துறைகள் பலவற்றின் கணக்கு இப்படித்தான் இருக்கும். நடுவில் இருப்பவரின் வருமானம் என்ன, தொடக்கத்தில் என்ன, பத்து ஆண்டு கழித்து என்ன என்ற மூன்றும் கிடைத்தால் தாளில் எழுதுங்கள். அந்தத் துறைகளுக்குப் போகாதே என்று சொல்ல இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். 20 கிடைத்தாலும் இதில் இருப்பேனா என்று மாணவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத்தான் இது.

படிப்புச் செலவும் அதே தாளில் வரட்டும்: கட்டணம், தங்கும் செலவு, எத்தனை ஆண்டு வருமானமின்றி இருக்க வேண்டும், உதவித்தொகை உண்டா, கடன் வாங்கினால் எத்தனை ஆண்டில் அடையும். பட்டப்படிப்பு தவிர்த்த தொழிற்பயிற்சி வழி இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை "மதிப்பெண் குறைந்தவர்களுக்கு" என்று நாம் சொல்லும் தொனியே பல நல்ல வழிகளை மூடிவிடுகிறது.

ஏழாம் படி: வீட்டாரோடு உட்காருவது

மாணவர் ஒன்று நினைக்க, வீடு வேறொன்று நினைக்கும். நீங்கள் மாணவரின் வக்கீலாகப் போய் நின்றால் வேலை கெட்டுவிடும். பெற்றோரின் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பயம் இருக்கிறது: வேலை கிடைக்காது, வெளியூரில் தனியாக இருக்க வேண்டும், கடன் அடையாது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். எந்தப் பயம் என்று தெரியாமல் பேசினால் ஆளுக்கொரு திசையில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

"அம்மா, இந்தப் படிப்பில் உங்களுக்கு எது ரொம்பக் கவலையாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு ஆறாம் படியின் தாளை மேசையில் வைத்து மாணவரையே விளக்கச் சொல்லுங்கள். அதில் இன்னொரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: இது சரிவராவிட்டால் அடுத்து என்ன. மாற்று வழியைத் தன் பிள்ளையே யோசித்து வைத்திருக்கிறது என்று பார்க்கும்போது பெற்றோரின் குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். வீட்டின் விருப்பத்துக்கும் இதே போல் ஒரு தாள் போடச் சொல்லுங்கள். அதே கேள்விகள், அதே நேர்மை. சில சமயம் வீடு சொன்னதுதான் சரியாக இருக்கும். அதை மாணவர் தானே கண்டுபிடித்தால் ஏற்றுக்கொள்வார்.

வீட்டில் சண்டை முற்றி, பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ தொழில் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தாமதிக்காமல் மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மனம் மாறினால்

மாறும். மாணவர் மூன்று மாதம் கழித்து வந்து "சார், அது வேண்டாம்னு தோணுது" என்பார். ஜான் க்ரம்போல்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-ல், எதிர்பாராத நிகழ்வுகள் தொழில் வாழ்க்கையில் இயல்பானவை, அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளத் தேவையான ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிந்து இறங்குதல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கலாம் என்று எழுதினார்கள். முடிவெடுக்காமல் இருப்பதையே கோளாறாகப் பார்க்க வேண்டாம் என்பதும் அவர்கள் கருத்து. வந்த மாணவரிடம் காரணத்தை மட்டும் கேளுங்கள். புதிய தகவல் கிடைத்து மாறினால் நல்லது, நான்காம் படிக்குத் திரும்பலாம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததாலோ நண்பர்கள் வேறு பிரிவு எடுத்ததாலோ மாறினால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி வரச் சொல்லுங்கள்.

காலக் கணக்கைப் பொறுத்தவரை, 13, 14 வயதில் முதல் இரண்டு படிகள் போதும். 15 வயதில் சந்திப்புகளும் சின்னச் சோதனைகளும். பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் காலத்துக்கு ஓர் ஆண்டு முன்னதாக ஆறாம் படி. உங்கள் பள்ளி இறுதி ஆண்டில்தான் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறது என்றால் மூன்றாம் படியை விட்டுவிட்டு நான்கையும் ஆறையும் மட்டும் செய்யுங்கள்.

உங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். பேச ஒப்புக்கொண்டவர்களின் பெயர், தொழில், எந்த நேரம் வசதி, கடைசியாக எப்போது யாரை அனுப்பினீர்கள் என்று நான்கு பத்திகள். ஒருவரிடமே அடிக்கடி ஆளனுப்பினால் சலித்துப் போய்விடுவார். ஒரு பருவத்துக்கு இரண்டு மாணவர்கள் என்று வரம்பு வையுங்கள். அனுப்பிய மாணவர் பிற்பாடு என்ன முடிவெடுத்தார் என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனால், பட்டியலில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பதிவேட்டை அவரிடம் ஒப்படையுங்கள். அதிலிருக்கும் மாணவர்களின் குறிப்புகளை மட்டும் தனியே எடுத்து அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.